அந்தோனியாருக்கு விற்ற பிள்ளையிடமிருந்து

என் அன்பு அம்மா,

நல்ல செய்தியோடு தொடங்குகிறேன். வரும் தை மாதம் எனக்குக் கலியாணம். பெண்ணின் பெயர் ஜெசிந்தா. ஊர்காவற்றுறை. தபாற் கந்தோரில் வேலை. நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. அவள் உங்களைப் பார்த்திருக்கிறாள். அலுமாரிக்கு மேல் இருக்கும் உங்கள் படத்தின் முன் நின்று, "உங்கட அம்மா சிரிக்கவே மாட்டாவோ?" என்று கேட்டாள். கமராவுக்குப் பயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம். நான் இப்போது சரவணையில் சின்னம்மாவோடு இருக்கிறேன். கூரைக்குப் புது ஓடு போட்டாயிற்று. கிணற்றுத் தண்ணீர் இந்த வருடம் உவர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு அதே பாடம்தான் படிப்பிக்கிறேன், கிரேக்க உரோம நாகரிகம்.

எழுவைதீவில் பிறந்தவனுக்கு ஏன் கிரேக்கம் என்று ஊரே கேட்டது. நீங்கள் கேட்கவில்லை. நான் பல்கலைக்கழகம் போன அன்று சேர்ட்டுகளை மடித்துப் பெட்டியில் வைத்தீர்கள். துறைவரைக்கும் வந்தீர்கள். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் அழுதார்கள். நீங்கள் படகின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நீங்கள் அழாததை நான் பன்னிரண்டு வருடம் என்னோடு கொண்டு திரிந்தேன். அதை இறக்கி வைத்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சிலவற்றை விளக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தீவுப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை தேறாமல் கிடந்தால், அல்லது அதற்கு முன் பிறந்தது தப்பாமல் போயிருந்தால், தாய் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விற்றுவிடுவாள். சைவக்காரர் அம்மனுக்கு விற்பார்கள். நாங்கள் அந்தோனியாருக்கு. சுரூபத்தின் காலடியில் பிள்ளையைக் கிடத்தி, "இது என்ர பிள்ளை இல்லை, உம்மட பிள்ளை" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். கோயில் பார்க்கிறவர் அந்தோனியார் சார்பில் ஒரு சுண்டு அரிசியை, பால் ரின் ஒன்றின் அளவு, தாயின் மடியில் கொட்டுவார். அதுதான் விலை.

வருடம் ஒன்று போன பிறகு அதே ஒரு சுண்டு அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "இது என்ர பிள்ளை" என்று மூன்று தரம் சொல்லித் திருப்பி வாங்க வேண்டும். அதுவரைக்கும் பிள்ளை சாமியின் பொருள். சாவு அதில் கை வைக்காது என்று நம்பிக்கை.

எனக்கு முன் பிறந்த யூட் அண்ணா மூன்று வயதில் காய்ச்சலில் போனான். பிறகு நான் பிறந்தேன். நாற்பதாம் நாள் என்னை விற்றீர்கள்.

திருப்பி வாங்கவில்லை.

ஊருக்கு இது தெரியும். "அந்தோனியாற்ற பெடியன்" என்றுதான் கூப்பிடுவார்கள். சுரூபத்தின் கையில் ஒரு குழந்தை இருக்கும் அல்லவா? அது பாலன் யேசு என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தரும் வரைக்கும், அது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் உண்மை தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது. அங்கேயும் நான் இல்லை.

பக்கத்து வீட்டு றொபினை அவனுடைய அம்மா ஈர்க்குக் கட்டோடு துரத்துவா. "என்ர வயித்தில வந்து பிறந்த சனியனே, நில்லடா!" நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். றொபினுக்கு முதுகு எரியும். எனக்கு நெஞ்சு எரியும். பொறாமை என்ற சொல் எனக்குத் தெரியாத வயது. ஆனால் அந்தச் சாமான் என்னிடம் இருந்தது.

நீங்கள் என்னை அடித்ததில்லை. ஏசியதில்லை. "அன்ரன், சாப்பிட வாரும்." "அன்ரன், வெயிலுக்குள்ள போகாதையும்." தூரத்து உறவில் வந்து தங்கியிருக்கும் பிள்ளையோடு கதைப்பது போல. மீனின் நடுத்துண்டு எப்போதும் எனக்கு. வால் உங்களுக்கு. மகன் என்று ஒருதரமும் இல்லை.

அப்பா நோயில் போன வருடம், அவருடைய ரேடியோவைத் தூக்கி நிலத்தில் போட்டேன். வேண்டுமென்றுதான். அடிப்பீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தபோது நீங்கள் குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். "காலில ஏதும் குத்தினதோ?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். இந்த மனிசிக்கு நான் வேண்டாம். செத்த பிள்ளைதான் வேண்டும். என்னை விற்றா. விற்றதையும் மறந்துபோனா.

இப்படி ஒரு முடிவோடு வளர்ந்தவன் கிரேக்கக் கதைகளுக்குள் போய் விழுந்ததில் ஆச்சரியம் என்ன? அங்கே எல்லாரும் என்னைப் போலத்தான். கடவுளர் மனிதர்மேல் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்பட்ட மனிதரை வேறு யாரும் தொட்டால் தாங்க மாட்டார்கள். மனிதருக்குள் நடக்கும் அன்பைப் பார்த்தாலும் தாங்க மாட்டார்கள். சியூஸ் ஒரு பெண்ணைத் தேடிப் போவான். ஹீரா அவனை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைத்தான் துரத்துவாள். மாடாக்குவாள், கரடியாக்குவாள், நாடு நாடாக ஓட விடுவாள்.

வகுப்பில் சுவேதா என்று ஒரு பெட்டை. வாய் கொஞ்சம் நீளம். "சேர், உந்தக் கடவுளருக்குப் பொறாமைப்படுறதை விட்டா வேற வேலை இல்லையோ?" என்று கேட்டாள்.

"நீர் சொல்லும், ஏன் பொறாமைப்படுகினம்? அவைக்கு என்ன குறை?"

"குறை இல்லாததுதான் குறை, சேர். சாகாத ஆளுக்கு என்ன அவசரம்? நாளைக்கு எண்டு விட்டிடுவினம். சாகிற ஆக்கள்தான் இண்டைக்கே இறுக்கிப் பிடிப்பினம். அதைப் பாத்து எரிச்சல் வரும்தானே?"

நான் சோக்கை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்ததில் இதைவிட நல்ல பதிலை நான் கேட்கவில்லை.

ஜெசிந்தாவுக்கும் இந்தக் கதைகள் பிடிக்கும், தன் பெயருக்குப் பின்னால் இருப்பதைத் தவிர. அது அப்பொலோ நேசித்த ஒரு பெடியனின் பெயரிலிருந்து வந்தது. காற்றுத் தேவனும் அவனை நேசித்தான். பொறாமையில், அப்பொலோ எறிந்த வட்டைத் திருப்பி அவன் தலையில் விழ வைத்தான். பெடியன் பூவாகிவிட்டான். "செத்த பெடியன்ர பேரையோ எனக்கு வச்சிருக்கினம்?" என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவளுக்குப் பிடித்தது மார்பெசாவின் கதை. ஒரு பக்கம் அப்பொலோ, மறுபக்கம் சாதாரண மனிதன் ஒருவன். இரண்டு பேரும் அவளுக்காக அடிபடுகிறார்கள். நீயே தெரிவு செய் என்று அவளிடம் விடப்படுகிறது. அவள் மனிதனைத் தெரிவு செய்கிறாள். நான் கிழவியாகும்போது கடவுள் என்னை விட்டுப் போய்விடுவான், இவன் என்னோடு சேர்ந்து கிழவனாவான் என்று.

"கெட்டிக்காரி," என்றாள் ஜெசிந்தா. "அவவுக்குப் பென்சன் கணக்கு விளங்கியிருக்கு."

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கலியாணப் பேச்சு முடிந்த கிழமை, ஜெசிந்தா வீட்டுக்கு வந்திருந்தாள். சின்னம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னா: "கோயிலில மூண்டு கிழமை கலியாணப் பேர் வாசிக்க முதல், இவனை வாங்க வேணும்."

"ஆரிட்டை?"

"ஆரிட்டையோ? அந்தோனியாரிட்டை. நீ இன்னும் அவற்ற பிள்ளை. மற்றவன்ர பிள்ளையை நான் எப்பிடிக் கட்டிக் குடுக்கிறது?"

"சின்னம்மா, எனக்கு முப்பத்தொரு வயசு."

"அவருக்கு எண்ணூறு வயசு. மறந்திருப்பாரெண்டு நினைக்கிறியோ?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் வாங்கிறன் மாமி. ஒரு சுண்டு அரிசிதானே?"

"புருசனை வாங்கிறதுக்கு எங்கட ஊரில வேற முறை இருக்குப் பிள்ளை. அதுக்குச் சீதனம் எண்டு பேர்."

"ஒரு சுண்டு அரிசி சீதனம் எண்டா எங்கட அப்பா இண்டைக்கே தருவார்."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வித்தவதான் வந்து வாங்க வேணும்," என்றேன். "வித்தவ மறந்துபோனா. விடுங்கோ." குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. சின்னம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. ஏதோ சொல்ல வாயெடுத்து, தட்டத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

பாதரிடம் கேட்டேன். "அந்தோனியார் ஒருத்தரையும் விலைக்கு வாங்கிறேல்லை தம்பி. இது திருச்சபையின்ர முறையில்லை," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா உங்கட சின்னம்மாவோட வாதாட என்னாலயும் ஏலாது," என்றார்.

அடுத்த வியாழன், வகுப்பில் நியோபியின் கதையைப் படிப்பித்துவிட்டு வந்தேன். மத்தியானம். சின்னம்மா குசினி வாசலில் இருந்து விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தா. எங்களுக்குள் அந்தக் கோபம் இன்னும் இருந்தது. அதை உடைக்கத்தான் கேட்டிருப்பா.

"இண்டைக்கு என்ன கூத்துப் படிப்பிச்சனீ?"

"ஒரு ராசாத்தியின்ர கதை. ஏழு பெடியள், ஏழு பெட்டையள்."

"எல்லாம் ஒரு புருசனுக்கோ?"

"ஓம், ஒரு புருசனுக்குத்தான்."

"பாவம். சொல்லு."

சொன்னேன். அந்த ஊரில் லீட்டோ என்ற தெய்வத்துக்குத் திருவிழா. லீட்டோவுக்கு இரண்டே பிள்ளைகள். கோயில் வாசலில் சனம் கூடி நிற்கிறது. ராசாத்தி வந்து நின்று சொல்கிறாள், உந்தச் சாமிக்கு இரண்டு பிள்ளை, எனக்குப் பதினாலு. என்ர பிள்ளையளைப் பாருங்கோ, எது வடிவு? தெய்வத்துக்குக் கேட்டுவிட்டது.

சின்னம்மாவின் கத்தி நின்றுவிட்டது.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"என்னத்தை?"

"கோயில் பாக்கிற மடுத்தீன் அண்ணை சொன்னவரோ? அவற்ற வாய்க்கு ஒரு பூட்டு இல்லை."

"சின்னம்மா, இது கிரேக்கத்தில நடந்த கதை. மூவாயிரம் வருசம்."

அவ கேட்கவில்லை. கையில் செதிலோடு அப்படியே இருந்தா. "அக்கா சும்மா பகிடிக்குத்தானே சொன்னவா," என்றா. "நாங்கள் ஆறேழு பேர்தான் நிண்டனாங்கள்."

அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது, அம்மா. மீன் செதிலும் பூனையும் மத்தியான வெயிலுமாக.

அந்தோனியார் பெருநாள். யூட் அண்ணாவுக்குச் சம்மனசு உடுப்பு, தேவதூதர் வேசம். வெள்ளைச் சட்டை, கடதாசிச் செட்டை. செட்டையை வெட்டியது சின்னம்மாதானாம். சுரூபக் கூடு ஊர் சுற்றி வந்து கோயில் வாசலில் நின்றபோது, உங்கள் இடுப்பிலிருந்த அண்ணா கையை நீட்டிச் சுரூபத்தைத் தொடப் பார்த்தானாம்.

"அப்ப அக்கா சொன்னவா, 'அந்தோனியாற்ற கையில இருக்கிற பாலனை விட என்ர பிள்ளை வடிவு' எண்டு. சிரிச்சுக்கொண்டு. எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சனான்."

சின்னம்மா தானாகவே தொடர்ந்தா.

"எட்டாம் நாள் பிள்ளை இல்லை. நல்ல சோளகக் காத்து. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு படகும் இறக்கேலாது. மூண்டு நாள் காய்ச்சலோட பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு கரையில இருந்தவா. காத்து விழும், காத்து விழும் எண்டு. விழேல்லை."

"காத்துத்தானே சின்னம்மா காரணம்."

"அதை நாங்கள் சொன்னம். அக்கா ஒருநாளும் காத்தில பிழை சொல்லேல்லை. என்ர நாவூறு எண்டுதான் சொன்னவா. தாயின்ர வாயால வாறதைவிடப் பொல்லாத நாவூறு இல்லையாம்."

பூனை மீன் தலையைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னை ஏன் திருப்பி வாங்கேல்லை?"

"வாங்கப் போறவா. ஒவ்வொரு பெருநாளுக்கும் போறவா. அரிசியை அளந்து, தோய்ச்ச சீலைத் துண்டில முடிஞ்சு கொண்டு போவா. சுரூபத்துக்கு முன்னால போய் நிப்பா. 'இது என்ர' எண்டு வரும். மிச்சம் வராது. முடிச்சோட திரும்பி வந்திடுவா."

"எத்தினை வருசம்?"

"நீ படிக்கப் போன பிறகும் போனவா."

"அந்த அரிசி?"

"அதை என்ன செய்யிறது? கஞ்சி காய்ச்சி உனக்குத் தந்தவா."

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். முகம் கழுவினேன். திரும்பி வந்து, வெட்டி முடியாத மீனை நானே வெட்டினேன். அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அது எனக்கு நினைவிருக்கிறது. வயிற்றில் திடீரென்று இடம் இருந்தது.

அம்மா, பிறகு நாலைந்து நாள் நான் பழையதெல்லாவற்றையும் எடுத்துத் திருப்பி வாசித்தேன். ஒரு பாடத்தைப் பிழையாக விளங்கிப் படித்தவன் மறுபடி முதலாம் பக்கத்துக்குப் போவது போல. நடுத்துண்டு மீன். அடிக்காத கை. "வெயிலுக்குள்ள போகாதையும்." துறையில் நீங்கள் பார்த்துக்கொண்டு நின்ற கயிறு. எல்லாம் அங்கேயேதான் இருந்தன. நான் வாசித்ததுதான் பிழை.

நியோபி சத்தம் போட்டாள், பிள்ளைகளை இழந்தாள், கல்லானாள். நீங்கள் ஒருதரம் சத்தம் போட்டுவிட்டு, இரண்டாவது பிள்ளையைக் காப்பாற்ற முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள். கடவுளுக்குக் கூடத் தெரியக் கூடாது என்று அன்பை ஒளித்து வைத்தீர்கள். ஒளித்த இடம் எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

கிரேக்கரிடம் இப்படி ஒரு தாய் இல்லை. அல்லது இருந்திருப்பாள். நன்றாக ஒளிந்துகொண்டதால் கதைக்குள் வரவில்லை.

அந்தோனியார் பொறாமைக்காரர் என்று நான் நம்பவில்லை. தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் ஒரு பிள்ளையைத் தட்டிப் பறிப்பாரா? ஆனால் அந்தச் சோளகத்தில், அந்தக் கரையில் மூன்று நாள் நான் இருக்கவில்லை. நீங்கள் இருந்தீர்கள். அதனால் உங்களோடு வாதாட மாட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். காதுக்குள் ஒருதரம் சொல்லியிருக்கலாமே? நான் நித்திரையாக இருக்கும்போதாவது? சொன்னீர்களோ?

செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள். லீவு போட்டேன். சின்னம்மா, ஜெசிந்தா, நான் மூன்று பேரும் காலைப் படகில் எழுவைதீவுக்குப் போனோம். சின்னம்மா அரிசி முடிச்சை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தா. கடல் அன்று குளம் மாதிரிக் கிடந்தது. முதலில் உங்களிடமும் அண்ணாவிடமும் போனோம். கோயில் வளவில் புல் வெட்டியிருந்தார்கள். அண்ணாவின் சின்னச் சிலுவையில் யாரோ வெள்ளை பூசியிருந்தார்கள்.

மடுத்தீன் அண்ணை கோயில் கதவுத் திறப்போடு காத்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடத்துக்கு முன் உங்கள் மடியில் அரிசி கொட்டியவர் அவர்தான். இப்போது பல் இல்லை. பகிடிக்குக் குறைவில்லை.

"இவ்வளவு காலம் அந்தோனியார் காத்தவர். ஒரு சுண்டோட விடுவாரோ?"

சின்னம்மாவுக்குச் சுருக்கென்று வந்தது. "காத்தவர் எண்டா ஓம். சோறு தீத்தினது ஆர்? ஒருநாள் கஞ்சி காய்ச்சினவரோ உங்கட அந்தோனியார்? ஒருநாள் மூக்குத் துடைச்சு விட்டவரோ?"

"சரி, சரி. ஒரு சுண்டு. கிட்ட வாங்கோ."

நான் சுரூபத்தின் முன் முழந்தாளில் இருந்தேன். காலடியில் கிடத்துகிற அளவில் நான் இல்லை. சின்னம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றா. தாயின் இடத்தில் தாயின் தங்கச்சி. முடிச்சை அவிழ்த்தா. வாயைத் திறந்தா.

"இது என்ர..."

பிறகு ஒன்றும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். சின்னம்மாவின் கையிலிருந்து அரிசி நிலத்தில் சிந்திக்கொண்டிருந்தது. "எனக்கு ஏலாதடா," என்றா. "உனக்கு ஏதும் வந்தா நான் என்ன செய்வன்?"

அம்மா, ஒவ்வொரு பெருநாளும் நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அந்த ஒரு நிமிடத்தில் கண்டேன். அதே இடம். அதே பாதிச் சொல். என்னைப் பெறாதவளுக்கே இந்தப் பயம் என்றால்.

ஜெசிந்தா வந்து சின்னம்மாவின் கையைத் தன் கையால் ஏந்திப் பிடித்தாள். அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது வேறு கதை. அவள் என்னைப் பார்த்தாள்.

சின்னம்மா முடிச்சைத் திரும்பக் கட்டத் தொடங்கினா. இன்னொரு தரம் அரிசி வீட்டுக்குத் திரும்பப் போகிறது. இன்னொரு தரம் கஞ்சி.

நான் எழும்பினேன்.

"நான் திரேசம்மாவின்ர மகன்," என்றேன்.

உங்கள் பெயரைச் சொல்லி நான் இப்படிச் சொன்னதே இல்லை. முதல் தரம் எனக்கு மட்டும் கேட்டிருக்கும். இரண்டாம் தரம் மடுத்தீன் அண்ணை தலையை நிமிர்த்தினார். மூன்றாம் தரம் சத்தமாகச் சொன்னேன். தேவைக்கு மேலே சத்தம். கூரைக்குள் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

"நான் திரேசம்மாவின்ர மகன்!"

பிறகு மடுத்தீன் அண்ணை சொன்னார்: "பிள்ளை தானே கதைச்சு நான் காணேல்லை."

"முறை பிழையோ அண்ணை?"

"இது வாய் வராத பிள்ளையளுக்குச் செய்யிறது. வாய் வந்த பிள்ளையைக் கதைக்காதை எண்டு ஒரு முறையும் இல்லை." சின்னம்மாவின் கையிலிருந்த முடிச்சை வாங்கிச் சுரூபத்தின் காலடியில் அவிழ்த்துக் கொட்டினார். "முடிஞ்சுது. கூட்டிக்கொண்டு போங்கோ."

முடிந்தது என்று நானும் நினைத்தேன். சின்னம்மாவுக்கு முடியவில்லை. அண்ணா போனது எட்டாம் நாள் அல்லவா? அவ எட்டு நாள் எண்ணத் தொடங்கினா. மோட்டார் சைக்கிள் திறப்பை ஒளித்துவிட்டா. பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போனேன். மீனில் முள் எடுத்துத்தான் தந்தா. மூன்றாம் நாள் ஒருதரம் தும்மினேன். கொத்தமல்லி அவித்து, குடித்து முடிக்கும்வரை முன்னால் நின்றா. ஆறாம் நாள் எனக்கு நாலு அடி தள்ளி ஒரு தேங்காய் விழுந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கிரேக்கம் படித்த நான் அதற்குப் பிறகு தென்னைகளைச் சுற்றித்தான் நடந்தேன்.

எட்டாம் நாளும் அந்தோனியாரின் செவ்வாயாகவே வந்து தொலைந்தது. சின்னம்மா என்னைப் பள்ளிக்கூடம் போக விடவில்லை. எனக்கு எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு, செபமாலையோடு பொழுது படும்வரை இருந்தா. பின்னேரம் ஜெசிந்தா கொழுக்கட்டை கொண்டுவந்தாள். "சீவன் இருக்கோ?" என்று படலையில் நின்றே கேட்டாள். "இருக்கு," என்றேன். "அப்ப திண்ணுங்கோ."

அடுத்த நாள் காலை விடிந்து வெயிலும் வந்துவிட்டது. சின்னம்மா எழும்பவில்லை. ஐந்து மணிக்குப் பிறகு படுக்கையில் கிடக்கிற மனிசியா அவ? அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

குறட்டை. எட்டு நாள் நித்திரை எல்லாவற்றையும் சேர்த்து.

நான் சத்தம் போடாமல் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். பிறகு இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை, அம்மா. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் உங்கள் மகன் என்று கோயிலுக்குள் நின்று கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடல் அப்படியே கிடக்கிறது. யாரும் கோபிக்கவில்லை. இனி நீங்கள் ஒளிக்கத் தேவையில்லை. அங்கே அண்ணாவையும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுங்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன். எங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதை யாருக்கும் விற்க மாட்டோம். அந்தோனியாருக்கும்தான். பெருநாளில் தோளில் தூக்கிக்கொண்டு வருவேன். கேட்கிறவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் என்ர பிள்ளை வடிவென்று சொல்லுவேன். பயம் வரும். பயத்தோடு சொல்லுவேன். காய்ச்சல் என்று தெரிந்தால், காற்று எழும்ப முதலே அதைக் கடல் கடத்தி ஆசுப்பத்திரியில் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
திரேசம்மாவின் இளைய மகன்,
யூட்டின் தம்பி,
அன்ரன்